தீவா, பெருநிலமா? பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு

பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு மாற்றல் உத்தரவு வந்த மறுநாளே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். வீட்டைப் பினாங்குத் தீவில் எடுப்பதா, தளம் இருக்கும் பெருநிலத்திலேயே எடுப்பதா? வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. ஆஸ்திரேலிய விமானப் படையில் பணிபுரியும் தமிழர் கேட்கிறார். சிங்கப்பூர்த் தமிழரும் கேட்கிறார். தளம் அரச மலேசிய ஆகாயப் படையுடையதுதான். ஆனால் 1971ஆம் ஆண்டின் ஐந்து நாடுகள் தற்காப்பு ஏற்பாட்டின்படி மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளின் அதிகாரிகள் சேர்ந்து வேலை செய்யும் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அதனால் மனைவி மக்களோடு வந்து சில ஆண்டுகள் தங்கிப் போகிறவர்கள் எப்போதும் உண்டு.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். தளமும், தீவின் வடகரையில் வெளிநாட்டுக் குடும்பங்கள் விரும்பிக் குடியிருக்கும் தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) பகுதியும் ஏறக்குறைய ஒரே கோட்டில், கடலுக்கு இப்புறமும் அப்புறமுமாக எதிரெதிரே இருக்கின்றன. உயரமான கொண்டோமினியம் எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிழக்கு மாடத்தில் நின்றால் எதிர்க்கரை தெரியும். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பக்கமா?" என்று மகிழ்ந்துபோகிறார். காரில் ஏறினால்தான் கதை தெரியும். தளத்திலிருந்து தெற்கே பிறை நகர் வரை இறங்கி, பாலத்தில் ஏறித் தீவின் கெலுகோரில் இறங்கி, மறுபடி வடக்கே நகரத்தைத் தாண்டி ஏற வேண்டும். லாடம் போல வளைந்த இந்தப் பாதை நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் மட்டுமே பதின்மூன்றரை கிலோமீட்டர். அதில் எட்டுக்கும் மேல் கடலின் மீது.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பலர் பெருநிலத்தில் வீடு எடுக்க முடிவு செய்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். அவர்கள் பார்ப்பது சீருடை அணிகிறவரின் தூரத்தை மட்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் தினமும் தண்ணீரைக் கடக்க இருவர் இருக்கிறார்கள். வீட்டைப் பெருநிலத்தில் வைத்தால் தீவிலுள்ள பள்ளிக்குப் பிள்ளை கடக்க வேண்டும். தீவில் வைத்தால் தளத்துக்குப் போக அப்பாவோ அம்மாவோ கடக்க வேண்டும். எவர் கடப்பது என்பதை முடிவு செய்தால் வீடு தானாக முடிவாகும்.

போக்குவரத்து எந்தத் திசையில் ஓடுகிறது என்பது இங்கே முக்கியம். காலையில் பெருநிலத்திலிருந்து தீவுக்குத்தான் வெள்ளம்போல வண்டிகள் போகின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் ஜார்ஜ்டவுன் அலுவலகங்களுக்கும் போகிறவர்கள் அவர்கள். மாலையில் அதே கூட்டம் திரும்பி வரும். தீவில் குடியிருந்து தளத்துக்கு வேலைக்குப் போகிறவர் பாலத்தில் இரு வேளையும் இந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறார். தீவுக்குள் பாலம் வரை வரும் பாதையில் மட்டும் அவர் நெரிசலோடு நெரிசலாக ஊர்ந்து வர வேண்டும்; பாலம் ஏறியபின் மூச்சு விடலாம். பெருநிலத்தில் குடியிருந்து தீவிலுள்ள பள்ளிக்குப் போகும் பிள்ளையோ, இருட்டு விலகும் முன்பே கிளம்பி, கூட்டத்தின் நடுவிலேயே கடக்கிறது. வழியில் மோட்டார் சைக்கிள் ஒன்று சறுக்கினாலும் முதல் பாடவேளை போயிற்று.

சாலைக் கட்டணத்தைப் பற்றிக் கேட்பார்கள். தீவுக்குப் போகும் திசையில் மட்டும் வசூல் செய்வதால் எந்தக் கரையில் வீடு இருந்தாலும் ஒரு காருக்கு நாளுக்கு ஒரு முறைதான். மோட்டார் சைக்கிளுக்கு 2019ஆம் ஆண்டிலிருந்து அதுவும் இல்லை. ஆகவே இதை வைத்து எந்தப் பக்கமும் சாய வேண்டியதில்லை.

கடலைக் கடக்கும் பெரிப் படகு இருக்கிறதே என்பார் சிலர். இருக்கிறது, ஆனால் பழைய பெரியை நினைத்துக்கொண்டு வராதீர்கள். காரை ஏற்றிக்கொண்டு, கதவைத் திறந்து காற்று வாங்கியபடி கடந்த காலம் 2020ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும்தான் ஏற்றுகின்றன. ஜார்ஜ்டவுனுக்குள் குடியிருந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவராகவும் இருந்தால், தளத்துக்குப் போக இதைவிட இனிய வழி இல்லை. மழைக்கோட்டை மட்டும் மறக்கக் கூடாது.

இனி பள்ளி. வெளிநாட்டுக் குடும்பங்கள் நாடும் பன்னாட்டுப் பள்ளிகளில் பழம்பெயர் பெற்றவை தீவின் வடபகுதியில்தான் இருக்கின்றன. 1955ஆம் ஆண்டில் பினாங்கு மலையில் தொடங்கிய அப்லண்ட்ஸ் இப்போது பத்து பிரிங்கியில் இருக்கிறது. வியட்நாமின் தலாத் நகரில் பிறந்து அந்தப் பெயரையே சுமந்துவந்த தலாத் பள்ளி 1971ஆம் ஆண்டிலிருந்து தஞ்சோங் பூங்காவில். புலாவ் தீக்குஸில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் தொடக்கப் பள்ளி. அப்லண்ட்ஸும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸும் பிரிட்டிஷ் முறை. தலாத் அமெரிக்க முறை. பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இதில் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் கல்வியாண்டு ஆண்டுத் தொடக்கத்தில் தொடங்கும். இந்தப் பள்ளிகளில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். ஜனவரியில் வந்து இறங்கும் பிள்ளை நடு ஆண்டில் நுழைகிறது. அரை வகுப்பு முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்பதைப் பள்ளியோடு கடிதத்தில் பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டைப் பார்க்க வேண்டும். நடைமுறையில் எல்லோரும் வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பள்ளியைத் தேடுகிறார்கள்.

தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாமா என்று ஆசையோடு கேட்கும் அம்மாக்களும் உண்டு. மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. மாக் மண்டின் தமிழ்ப்பள்ளி தளத்திலிருந்து தூரமில்லை. ஆனால் அங்கே நடப்பது மலேசியப் பாடத்திட்டம், மலாய்ப் பாடமும் சேர்த்து. இரண்டு மூன்று ஆண்டில் சொந்த நாட்டு வகுப்புக்குத் திரும்பப் போகும் பிள்ளையின் தலையில் அதை ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. பள்ளியின் விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா என்று போய்வாருங்கள். அதில் கிடைக்கும் தமிழே நிறைய.

இந்தக் கேள்வி பாலத்தைவிட மூத்தது. தளம் 1988ஆம் ஆண்டு வரை ஆஸ்திரேலிய விமானப் படையின் கையில் இருந்தது. அப்போதும் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்துதான் குடியிருந்தன. ஒரு பகுதி தஞ்சோங் பூங்கா பக்கம், இன்னொரு பகுதி தளத்தை ஒட்டிய ரோபினா போன்ற இடங்களில். பிள்ளைகளுக்கென்று அவர்களே தீவில் ஒரு பள்ளியும் நடத்தினார்கள். இன்று அந்தப் பள்ளி இல்லை; அதனால்தான் முடிவு அவரவர் தலையில் விழுகிறது.

பெருநிலத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே வாடகைக்குத் தீவில் கொண்டோமினியம் கிடைக்கிற இடத்தில் இங்கே முன்வாசலும் கார் நிறுத்துமிடமும் பின்கட்டும் உள்ள தரைவீடு கிடைக்கும். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிக்குள் காலையில் மோட்டார் சைக்கிள் நிறைய ரொட்டியும் கேக்கும் முறுக்குப் பொட்டலமும் தொங்கவிட்டபடி ரொட்டிக்காரர் வருவார். பாம்... பாம்... என்று ரப்பர் குமிழை அழுத்திக்கொண்டு அவர் கேட்டருகில் நிற்க, நான்கு வீட்டுப் பெண்கள் வெளியே வருவார்கள். "எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் அக்கா? எந்த ஊர்?" என்ற முதல் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. கொண்டோமினியத்தில் அவரைக் காவலர் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார். புது ஊரில் பகல் முழுதும் கைக்குழந்தையோடு தனியே இருக்கப்போகிற பெண்ணுக்கு நீச்சல் குளம் பெரிதா, ரொட்டிக்காரர் பெரிதா என்று கேட்டால் நான் ரொட்டிக்காரரைத்தான் சொல்வேன்.

பாகான் டாலாம், மாக் மண்டின், பிறை வட்டாரங்களில் தமிழ் கேட்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. துறைமுகமும் ரயிலும் தோட்டங்களும் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. மளிகை, பூக்கட்டு, தையல், மாரியம்மன் கோயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம். கோலாலம்பூருக்குப் போக வேண்டுமா, பட்டர்வொர்த் நிலையத்தில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். அவசரத்துக்குப் பட்டர்வொர்த்தில் பாகான் தனியார் மருத்துவமனை, செபராங் ஜெயாவில் அரசு மருத்துவமனையும் சன்வே மருத்துவமனையும் உண்டு. தனியார் மருத்துவத்தில் தீவின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் காய்ச்சலுக்குப் பாலம் கடக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.

ஒரு குறை உண்டு, அது சத்தம். தளத்தில் மலேசியாவின் எட்டு ஹோர்னெட் போர் விமானங்கள் இருக்கின்றன. ஐந்து நாடுகளின் கூட்டுப் பயிற்சிக் காலத்தில் விருந்தாளி விமானங்களும் சேர்ந்துகொள்ளும். ஓடுதளம் வடக்கு தெற்காகப் படுத்திருப்பதால், அதன் இரு முனைகளுக்கு நேரே இருக்கும் தாமான்களில் அடி பலம். கண்ணாடிப் பட்டி வைத்த பழைய ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கடகடக்கும், தொட்டிலில் தூங்கும் குழந்தை கை கால் விரித்துத் திடுக்கிடும், தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவர் வாயை மூடிக் காத்திருப்பார். கிழக்கே சற்று விலகிய தாமான்களில் இது பாதிகூட இருக்காது. என்ன கொடுமை என்றால், வீட்டைக் காட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையில்தான் காட்டுவார்கள். அன்றைக்கு ஜெட் பறப்பது அபூர்வம். வீடு தபோவனம் போலத் தெரியும். வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு மேல் போய், அரை மணி நேரம் படுக்கையறையில் உட்கார்ந்து பாருங்கள்.

தீவின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்தது, நீட்டத் தேவையில்லை. கடல், மலை, நகரம் மூன்றும் ஒரே இடத்தில். குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை, லிட்டில் இந்தியாவின் கடைகள், பள்ளியில் பிள்ளைக்கு உடனே கிடைக்கும் நண்பர்கள். வாடகைதான் கனம். கொண்டோமினியத்துக்கு இன்னொரு சிறு அனுகூலமும் உண்டு. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து, சுங்கை டுவா நிலையம் வழியாக இரு கரைக்கும் வருகிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த நிலையத்தின் வால்வுகளை மாற்றியபோது இரு கரையிலும் குழாய்கள் வறண்டன. பெரிய தொட்டி வைத்த கட்டடங்கள் சற்றுத் தாக்குப்பிடித்தன. தரைவீட்டுக்காரர்கள் வாளியோடு அலைந்தார்கள்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. பாலம் இறங்கும் கெலுகோர், அதன் அக்கம்பக்கம். தளத்துக்குப் போகிறவருக்குத் தீவின் உள் நெரிசல் மிச்சம். சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆனால் வடபகுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளை நகரத்தைக் கடந்தே போக வேண்டும். இரண்டு பேருக்கும் பாதிப் பாதித் துன்பம் என்ற சமரசம் இது. எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. 2014ஆம் ஆண்டில் திறந்த இரண்டாவது பாலத்தைச் சொல்லி பத்து காவானில் புது வீடு காட்டுவார்கள். தளத்திலிருந்து அது தெற்கே வெகு தூரம். இந்த வேலைக்கு அது உதவாது.

என் தீர்ப்பு இது. பன்னாட்டுப் பள்ளியில் படிக்கும் வயதில் பிள்ளை இருந்தால் தீவின் வடபகுதி. பெரியவர் பாலம் ஏறட்டும். அவர் எதிர்த்திசையில் போகிறார், இரண்டு ஆண்டு தாங்குவார். குழந்தை இல்லாதவர்களும் பள்ளி வயதுக்கு வராத குழந்தை உள்ளவர்களும் பெருநிலத்துக்கு வரட்டும். ஓடுதளத்தின் முனையைத் தவிர்த்து, ரொட்டிக்காரர் வருகிற தாமானாகப் பார்க்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டில் பிள்ளை இருந்தால் தீவா பெருநிலமா என்பதே இரண்டாம் கேள்வி. அந்தப் பிள்ளையைப் பாதி வழியில் பாடத்திட்டம் மாற்றி இழுத்துவர வேண்டுமா என்பதைத்தான் வீட்டில் முதலில் பேச வேண்டும்.

எந்தக் கரையானாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். பணிமாற்ற உத்தரவு வந்தால் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு இடையில் காலி செய்யலாம், முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரி. இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்பது இங்கே வழக்கம். படைக்காரருக்கு உத்தரவு எந்த மாதம் வரும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. சில வேளைகளில் படைக்கே தெரிவதில்லை. அந்த வரியைச் சேர்க்க மறுக்கிற வீட்டுக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். இரு கரையிலும் வீடுகள் இருக்கின்றன.