பெல்ட்டா, ட்ரேயா? விமான நிலையத்தில் பெட்டி தொலையாத வழி எது?

செக்-இன் கவுன்ட்டரில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் நீளக் காகிதத்தில் 10 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இலக்கத்தை விட்டுவிட்டால், அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தைக் குறிப்பவை. கடைசி ஆறும் அந்தப் பெட்டிக்கான வரிசை எண். ரப்பர் திரையைத் தாண்டிப் பெட்டி உள்ளே மறைந்த பிறகு அதற்குத் துணை இந்த எண் ஒன்றுதான். அதனால் பெட்டிகளைக் கையாளும் அமைப்புகளை ஒப்பிடும்போது என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்தப் பெட்டி யாருடையது என்பதை இயந்திரம் எத்தனை இடங்களில் மறக்கக்கூடும்?

பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். விலை குறைவு. பழுது பார்க்க ஆள் எளிதில் கிடைக்கும். கோணல்மாணலான பையும் ஏறிவிடும். ஆனால் பெல்ட்டுக்குத் தன் மேல் கிடப்பது எந்தப் பெட்டி என்று தெரியாது. அது ஊகித்துக்கொண்டே போகிறது. வளைவுபோல் நிற்கும் ஸ்கேனர் பார்கோடை ஒருமுறை படிக்கும். பிறகு பெட்டியின் முன்விளிம்பு ஒளி உணரி ஒன்றைக் கடக்கும். பெல்ட் உருளையின் அச்சில் இருக்கும் என்கோடர், அதாவது சுழற்சியை அளக்கும் கருவி, துடிப்புகளை எண்ணத் தொடங்கும். இத்தனை துடிப்பில் அடுத்த உணரியை எட்ட வேண்டும் என்று கட்டுப்பாட்டுக் கணினி கணக்குப் போடும். அந்தச் சிறிய அவகாசத்துக்குள் வந்து சேர்ந்தால் அதே பெட்டி. முன்னேயோ பின்னேயோ வந்தால் அநாதைப் பெட்டி.

ஒரு சோதனை ஓட்டத்தில் பெல்ட்டின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இரண்டு பெல்ட்டுகள் சந்திக்கும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. முதுகுப்பை ஒன்றின் தொங்கும் வார் அதில் சிக்கியது. அரை விநாடிதான் இருக்கும். வார் விடுபட்டுப் பை நகர்ந்துவிட்டது. அதற்குள் பின்னால் வந்த பெட்டி அதை ஒட்டி நின்றுவிட்டது. அடுத்த உணரியின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே நீளப் பெட்டி. எதுவும் உடையவில்லை, எந்த மோட்டாரும் நிற்கவில்லை. ஆனாலும் இரண்டு பெட்டிகளின் அடையாளம் போய்விட்டது. நாலு சக்கரப் பெட்டி ஏற்றத்தில் நின்றவாக்கில் ஏறினால் இதைவிட மோசம், பின்னோக்கி உருளும்.

ட்ரே முறை இந்த ஊகத்தை ஒழித்துவிடுகிறது. பெட்டியைத் தனக்கென ஒரு ட்ரேயில் கிடத்தி, பார்கோடை ஒரே ஒரு முறை படித்து, ட்ரேயின் அடியில் இருக்கும் ஆர்எஃப்ஐடி சில்லுடன் (வானொலி அலையால் படிக்கப்படும் அடையாளச் சில்லு) இணைத்துவிடுவார்கள். அதன் பிறகு ட்ரே எங்கே இருக்கிறதோ பெட்டியும் அங்கேதான். வார் தொங்கினாலும் சக்கரம் உருண்டாலும் இயந்திரத்துக்குக் கவலையில்லை. அதைத் தொடுவது எப்போதும் ஒரே அளவுள்ள ட்ரேயின் அடிப்பாகம் மட்டுமே. அதனால்தான் நீண்ட நேர் பாதைகளில் சில ட்ரே அமைப்புகள் விநாடிக்கு 10 மீட்டர் வரை ஓடுகின்றன. இது புதிய யோசனையும் இல்லை: பிராங்க்பர்ட்டில் பெட்டிகள் தனித்தனிக் கொள்கலன்களில் ஓடத் தொடங்கியது 1972இல். அடுத்த விமானத்துக்கு ஐந்து மணி நேரம் இருக்கும் பெட்டியை ட்ரேயோடு அடுக்கில் ஏற்றி வைத்து, வேண்டும்போது அந்த ஒன்றை மட்டும் இறக்கலாம் என்பதும் பெரிய வசதி.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. பெட்டியை இறக்கிய ட்ரே காலியாகத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத் தனிப்பாதை, அடுக்கி வைக்க இடம், எந்த நேரத்தில் எங்கே எத்தனை காலி ட்ரே தேவை என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் எல்லாம் வேண்டும். விற்பனைக் கையேடுகள் இதைப் பக்கக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. என் கணிப்பில் ட்ரே முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் டென்வர் விமான நிலையக் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய அந்த விமான நிலையம் 1995 பிப்ரவரி 28 அன்றுதான் திறந்தது. தண்டவாளத்தில் ஓடும் சுமார் 4,000 சிறு வண்டிகள், ஓடும் வண்டியிலேயே பெட்டியைத் தள்ளிவிடும் ஏற்பாடு. பெட்டிகள் தூக்கியெறியப்பட்டுக் கிழிந்த காட்சிதான் எல்லோர் நினைவிலும் நின்றது. ஆனால் ஆழமான கோளாறு வேறு: வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் காலி வண்டி வரவில்லை. ஒரு முனையில் வண்டிகள் குவிந்தன, இன்னொரு முனையில் பெட்டிகள் குவிந்தன. கடைசியில் ஒரே ஒரு விமான நிறுவனம் மட்டும் அதை வைத்து ஓட்டி, பராமரிப்புக்கு மாதம் 10 லட்சம் டாலர் அளவுக்குச் செலவழித்து, 2005இல் கைவிட்டது. காலி ட்ரேயின் கணக்கைக் காட்டாத எந்த ட்ரே திட்டத்திலும் டென்வரின் விதை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனி பாதுகாப்புச் சோதனை. இந்தப் பகுதியை நிதானமாக எழுத முடிவதில்லை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 விமானம் அயர்லாந்துக் கரையருகே வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். கனடாவின் வான்கூவரில் வெடிகுண்டு இருந்த பெட்டியை ஏற்றக் கொடுத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அந்தப் பெட்டி விமானம் மாறிய டொரன்டோவில் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் அன்று பாதியில் பழுதாகி, மீதிப் பெட்டிகளைக் கையடக்க மோப்பக் கருவி ஒன்றால் பார்த்து அனுப்பினார்கள். எந்த இயந்திரம் வாங்குவது என்று விவாதிக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும், அது பழுதானால் அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில் வராமல் எழுந்து போகக்கூடாது.

சாதாரண எக்ஸ்ரேக்கும், மருத்துவமனை ஸ்கேன் போன்ற சிடிக்கும் உள்ள வேறுபாடு எளிது. எக்ஸ்ரே நிழலைப் பார்க்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் பொருள்கள் ஒரே கறையாகத் தெரியும். பல கோணங்களில் எடுத்தால் ஓரளவு பிரிக்கலாம். சிடி பெட்டியைச் சுற்றி வந்து, குறுக்குவெட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கணக்கிடும். விலை அதிகம், எடையோ டன் கணக்கில், தரையையே அதற்கேற்பக் கட்ட வேண்டும். இருந்தும் நான் சிடி பக்கம்தான். காரணம் பொய் எச்சரிக்கை. உச்ச நேரத்தில் மணிக்கு 1,200 பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்றை இயந்திரம் சந்தேகித்தால் 240 படங்கள். ஒவ்வொன்றையும் பார்க்க 30 விநாடி என்றால், ஒரு மணி நேரத்தில் இரண்டு மணி நேர வேலை. பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அந்த வேலை பாதி. திரை முன் இருப்பவர் களைத்துப்போகாமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

அந்த 30 விநாடியில் பெட்டி சும்மா நிற்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், தீர்ப்புக்கு 40 விநாடி அவகாசம் தருவதென்றால் இயந்திரத்துக்குப் பின் 20 மீட்டர் பாதை வேண்டும். கட்டடக் கலைஞர் அதைப் 12 மீட்டராக வெட்டினால், பார்த்து முடிப்பதற்குள் பெட்டி பிரியும் இடத்தை எட்டி, தீர்ப்பில்லாமல் அடுத்த கட்டச் சோதனைக்குப் போய்விடும். பெல்ட்டில் அடையாளம் தொலைத்த அநாதைகளும் அங்கேதான் போய்ச் சேரும், ஏனென்றால் அடையாளம் போன பெட்டியைச் சோதிக்காத பெட்டியாகவே நடத்த வேண்டும். அது சரியான விதி. ஆனால் வார் சிக்கும் ஒவ்வொரு இடுக்குக்கும் விலை, கையால் பெட்டி திறக்கும் அறையில்தான் கொடுக்கப்படுகிறது. இதனால்தான் பெல்ட்டா ட்ரேயா என்பதையும் எந்தச் சோதனை இயந்திரம் என்பதையும் இரண்டு டெண்டர்களாகப் பிரிப்பதை நான் ஏற்பதில்லை.

பார்கோடு, ஆர்எஃப்ஐடி சண்டையில் நீண்ட வாதத்துக்கு இடமில்லை. கசங்கிய பார்கோடைப் படிக்க முடியாது. காகிதத்துக்குள் வைக்கும் சில்லுக்கு நேர்பார்வை தேவையில்லை. அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம் 2016இல் 5 கோடி டாலர் போட்டு ஆர்எஃப்ஐடிக்கு மாறியது. ஆனால் சென்று சேரும் நிலையத்தில் படிக்கும் கருவி இல்லையென்றால் சில்லால் பயனில்லை என்பதால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

என் தேர்வு இதுதான். இணைப்பு விமானப் பெட்டிகள் குறைவாக வரும் நிலையத்துக்கு பெல்ட் போதும். சோதனை வரையுள்ள பாதையை நேராகவும் ஏற்றமின்றியும் வைத்து, மிச்சமாகும் பணத்தில் ஒரு சிடி கூடுதலாக வாங்கலாம். பெட்டிகள் விமானம் மாறும் பெரிய மையத்துக்கு ட்ரே. எதை எடுத்தாலும் திறப்பதற்கு முன் உண்மையான ஆட்களோடு, கணினிகள் தமக்குள் அனுப்பும் உண்மையான பெட்டிச் செய்திகளோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது தடுமாறியதில் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. சோதனைக் காலத்தில் பிற முனையங்களுக்குச் செய்தி போய்விடக் கூடாது என்று வைத்த வடிகட்டி ஒன்றை எடுக்க மறந்திருந்தார்கள்.