பனி கொட்டியும் மலை திறக்கவில்லை: ஸ்கீ பாஸ் வாங்கும் முன் படியுங்கள்

டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு ஸ்கீ ரிசார்ட் போகலாம் என்று பாஸ் (மலை லிஃப்ட்டில் ஏறுவதற்கான சீட்டு) விலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் கட்டும் முன் முழுதாகப் படித்துவிடுங்கள். கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நாங்கள் போனது ராக்கி மலைத்தொடரில் உள்ள பெரிய ரிசார்ட் ஒன்று. பல மலைகளை வாங்கிக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தினுடையது. பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் குடும்பமும் மச்சான் குடும்பமும் சேர்ந்து செப்டம்பரிலேயே பாஸ், பிள்ளைகளுக்கு வகுப்பு, வாடகை ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட், அடிவாரத்தில் அறை என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன வாரம் பனி நன்றாகப் பெய்திருந்தது. பிறகு எங்கள் புகாருக்கு வந்த ஒவ்வொரு பதிலிலும் வானிலையைப் பற்றி ஒரு வரி இருந்ததால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வானம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருந்தது. மலையைத் திறக்க ஆள்தான் இல்லை.

வாடகைக் கடை வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நீண்டிருந்தது. கால் அளவு, எடை, உயரம் எல்லாம் இணையத்தில் முன்பே கொடுத்திருந்தோம். உள்ளே வரிசையாகக் கவுண்ட்டர்கள், ஆள் நின்றதோ சிலவற்றில் மட்டும். பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் பிள்ளைகளின் வகுப்பு தொடங்கிவிட்டது. அந்த வகுப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பதிவு செய்யும்போது சின்னக் குழு, நிலைக்கு ஏற்ப ஆசிரியர் என்று போட்டிருந்தார்கள். அன்று காலை பல குழுக்களை ஒன்றாக்கி ஒரே ஆசிரியரிடம் விட்டிருந்தார்கள். முதல் தடவையாக ஸ்கீ மாட்டிய எங்கள் ஏழு வயசுப் பையன், ஏற்கெனவே ரெண்டு சீசன் பழகிய பிள்ளைகளோடு நின்றான். புதிதாகப் பழகுகிறவர்களை மேட்டுக்கு ஏற்றிச் செல்லும் நகரும் பட்டையை மேஜிக் கார்ப்பெட் என்பார்கள். அங்கே இருந்த ரெண்டில் ஒன்று ஓடவில்லை. அதனால் பிள்ளைகள் சறுக்கிய நேரத்தைவிட உறைபனியில் வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம்.

மச்சான் மகளுக்கு விரல் மரத்துப்போய் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளை உள்ளே கூட்டிப்போனால் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்பதால் அந்த ஆசிரியரால் நகர முடியவில்லை. வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என் மனைவிதான் ஓடிப்போய்த் தூக்கிவந்தாள். வேலிப் பக்கம் பெற்றோர் யாரும் நிற்காத பிள்ளை என்ன ஆகும்? அந்த ஆசிரியரும் இருபது வயசுகூடத் தாண்டாத ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை பிள்ளைகளை அவரிடம் விட்டவர்கள்மேல்தான் கோபம்.

பெரியவர்கள் கதை சுருக்கமானது. ஆட்களை உட்காரவைத்து மலையேற்றும் மேல்மலை லிஃப்ட்டுகளில் பாதிக்கு மேல் ஓடாமல் நின்றிருந்தன. ஓடிய சிலவற்றில் மொத்தக் கூட்டமும். மேலே இருந்த உணவகம் மூடியிருந்தது. அடிவாரத்தில் ஒரு லிஃப்ட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் பெருவிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவி. காலையிலிருந்து தன்னை மாற்றிவிட யாரும் வரவில்லை என்றாள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் அவளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஊரில் பேசிக்கொள்வது போல "கோவிட்டுக்கு அப்புறம் யாரும் வேலைக்கு வரதில்லை" என்பதோடு இது முடிகிற விஷயம் இல்லை.

பாஸ் வியாபாரம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். பல ஸ்கீ மலைகளை நடத்தும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2008இல் எபிக் பாஸைக் கொண்டுவந்தது. ஒரே பாஸில் பல மலைகள், விலையும் முன்பைவிடக் குறைவு. போட்டிக்கு ஆல்டெரா நிறுவனம் 2018இல் ஐகான் பாஸைக் கொண்டுவந்தது. விற்பனை வசந்த காலத்தில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தோடு முடிந்துவிடும். அதாவது பனி விழுவதற்கு முன்பே, சீசனுக்கு ஆள் எடுத்து முடிப்பதற்கு முன்பே, நம் பணம் அவர்கள் கைக்குப் போய்விடும். வேல் நிறுவனத்தின் லிஃப்ட் வருமானத்தில் பாதிக்கு மேல் இப்போது இப்படி முன்கூட்டியே வருவதுதான். பாஸ் இல்லாமல் போனால் பண்டிகை நாளில் பார்க் சிட்டி போன்ற இடங்களில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த விலையைப் பார்த்தால் யாரும் பாஸ்தான் வாங்குவார்கள். விலையை வைத்திருப்பதும் அதற்குத்தான். பணம் முழுதாக வந்த பிறகு எத்தனை லிஃப்ட் ஓட்டுவது, எத்தனை பேரை வைப்பது என்பதெல்லாம் அவர்கள் பார்த்துச் செய்வது. ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைத்துவிட்டுச் சமையலுக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்ட கல்யாணம் மாதிரி.

ஆள் வராததற்கும் காரணம் உண்டு. மலையூர்களில் வீட்டு வாடகை மலையைவிட உயரத்தில் நிற்கிறது. முன்பு வேலையாட்கள் குடியிருந்த வீடுகள் பல இன்று விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் வேலை செய்கிற எத்தனையோ பேர் ஃபேர்பிளேயில் குடியிருந்து, பனிக்காலத்தில் ஹூசியர் கணவாயைத் தாண்டி வருகிறார்கள். சீசன் ஆட்களில் ஒரு பகுதியினர் பெரு, அர்ஜென்டினா போன்ற நாடுகளின் மாணவர்கள். அவர்களுக்கு அப்போது கோடை விடுமுறை, ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வருவார்கள். 2020 ஜூனில் அமெரிக்க அரசு அந்த விசாவை நிறுத்தியபோது, மலைகள் எவ்வளவு தூரம் அவர்களை நம்பி ஓடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

இதில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று ஸ்கீ பேட்ரோல். அடிபட்டவர்களைத் தூக்கிவருபவர்கள் என்று மட்டும்தான் நானும் எண்ணியிருந்தேன். விடியும் முன்பே மலைமேல் ஏறி, இரவில் விழுந்த புதுப்பனி சரிந்து ஆளை மூடிவிடாமல் இருக்க, வெடி வைத்து அதை முன்கூட்டியே சரித்துவிடுவது அவர்கள் வேலை. எந்தச் சரிவு பாதுகாப்பானது என்று பார்த்து, கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திறந்துவிடுவதும் அவர்கள்தான். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் தொங்கிக்கொண்டிருப்பவர்களைக் கயிறு கட்டி இறக்குவதும் அவர்கள்தான். ஆகவே லிஃப்ட் நல்ல நிலையில் இருந்தும், பனி இடுப்பளவு இருந்தும், பேட்ரோல் ஆள் போதாவிட்டால் அந்தப் பக்கம் திறக்காது. திறக்கவும் கூடாது.

ஊரறிய நடந்த ரெண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் வேல் எபிக் பாஸ் விலையை 20 சதவீதம் குறைத்தது. அந்த சீசனுக்கு 21 லட்சம் பாஸுக்கு மேல் விற்றது. சியாட்டிலிலிருந்து நம்மவர்கள் நிறையப் பேர் போகும் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையையும் அவர்கள் 2018இல் வாங்கியிருந்தார்கள். 2022 ஜனவரியில் அங்கே பனி இருந்தும் மலையில் பாதிகூடத் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்ற இணைய மனுவில் 40,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார்கள் குவிந்தன. அப்புறம்தான் அந்த மலைக்குப் புதிய மேலாளரை அனுப்பினார்கள். பாஸ் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது அடுத்த ஆண்டு பாஸ் விலையில் கழிவு. அதே 2022 மார்ச்சில், வரும் சீசனிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 20 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. கொடுக்க முடிந்த சம்பளத்தை மக்கள் கத்திய பிறகுதான் கொடுத்தார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது யூட்டாவின் பார்க் சிட்டி. அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்கீ மலைகளில் ஒன்று. அங்கே பேட்ரோல் சங்கம் தொடக்கச் சம்பளத்தை 21 டாலரிலிருந்து 23 ஆக்கக் கேட்டு மாதக்கணக்கில் பேசிப் பார்த்தது. ஒத்துவரவில்லை. 2024 டிசம்பர் 27 அன்று, ஆண்டிலேயே கூட்டம் அதிகம் வரும் வாரத்தில், சுமார் 200 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பகுதி மலை மூடியே கிடந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்த குடும்பங்கள் வரிசையில் நின்றன. 2025 ஜனவரி 8 அன்று உடன்பாடு வந்தபோது அந்த 2 டாலர் கிடைத்தது, அனுபவசாலிகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் கிடைத்தது. அந்த நாட்களில் சறுக்கியவர்களுக்கு நிறுவனம் பாதி மதிப்பைத் தருவதாகச் சொன்னது. அதுவும் பணமாக இல்லை, அடுத்த சீசனில் கழித்துக்கொள்ளும் கணக்காக. வந்து ஏமாந்தவர்கள் தரப்பில் நிறுவனத்தின்மேல் வழக்கும் போடப்பட்டது.

எங்கள் புகாரும் அந்த வழியில்தான் போனது. அடிவாரத்தில் இருந்த விருந்தினர் சேவை அறையில் கேட்டால் இணையத்தில் எழுதச் சொன்னார்கள். இணையத்தில் எழுதினால் அந்த மலையையே பார்த்திராத யாரோ ஒருவரிடமிருந்து பதில். விதிமுறைகளில் எந்த லிஃப்ட், எந்தச் சரிவு திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். உண்மைதான், எழுதியிருக்கிறது. பாஸோடு வரும் காப்பீடு பற்றிக் கேட்டோம். அடிபட்டால், வேலை போனால், மலையே மூடினால் உண்டாம். பாதி மலை மூடினால் இல்லை. வகுப்புக்கு மட்டும் எங்களிடம் பிடி இருந்தது. குழு எவ்வளவு பெரியது, என்ன நிலைப் பிள்ளைகள் என்று பதிவில் எழுத்தில் இருந்தது. என் மனைவி அன்று எடுத்த படங்களில் நேரமும் தலைகளும் தெளிவாகத் தெரிந்தன. அவற்றை அனுப்பிய பிறகும் தட்டிக்கழித்தார்கள். கிரெடிட் கார்டு நிறுவனத்தில் புகார் கொடுத்த பிறகு வகுப்புப் பணம் முழுதும் வந்தது. பாஸ் பணம் வரவே இல்லை.

இனி போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். பாஸ் வாங்கும் முன் உங்கள் மலையின் பெயரோடு "ஸ்கீ பேட்ரோல் யூனியன்" என்று செய்தியில் தேடுங்கள். ஒப்பந்தம் முடிந்து பேச்சு இழுத்துக்கொண்டிருந்தால் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அறை போடாதீர்கள், ஜனவரி கடைசிக்குத் தள்ளுங்கள். அந்த ஊர்ப் பத்திரிகையையும் பாருங்கள். தொழிலாளர் குடியிருப்பு, ஆள்பற்றாக்குறை பற்றியெல்லாம் ரிசார்ட்டின் தளத்தில் வராது, ஊர்ப் பத்திரிகையில் வந்துவிடும். போன ஆண்டு அதே வாரத்தில் எத்தனை லிஃப்ட் ஓடின என்று அங்கே போனவர்களிடம் கேளுங்கள். "சீசனில் எங்களிடம் இத்தனை லிஃப்ட்" என்ற விளம்பர எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அறையை ரத்துசெய்தால் பணம் திரும்ப வரும் வகையில் மட்டும் போடுங்கள், சில டாலர் கூடுதலாக ஆனாலும் சரி.

முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, பல மலை பாஸ் தேவையே இல்லை. பழகுவதற்கு ஒரு சின்ன மேடும் பொறுமையான ஆசிரியரும் போதும். ஊர்க்காரர்களே நடத்தும் சின்ன மலைகள் இன்னும் இருக்கின்றன. டிக்கெட்டும் பெரும்பாலும் பாதிக்குக் கீழ்தான். ஸ்கீயைக் கூடுமானால் உங்கள் ஊர்க் கடையிலேயே சீசன் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மலையில் அந்த வரிசையே வேண்டாம்.

பிள்ளைகளை வகுப்பில் விடும்போது ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று நேரில் கேளுங்கள். குளிர் தாங்காத பிள்ளையை உள்ளே கூட்டிப்போக இன்னொருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே வகுப்பை ரத்து செய்து, ரத்து செய்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் லிஃப்ட் நிலவரம் காட்டும் ஆப் திரையைத் தினமும் படமெடுத்து வையுங்கள், மறுநாள் அது மாறிவிடும். பணம் மறுத்தால் கார்டு நிறுவனம், அதற்கும் மேல் அந்த மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. இணையத்திலேயே புகார் எழுதலாம், கட்டணம் கிடையாது.

லிஃப்ட்டில் நிற்கிற பையனிடமும் பெண்ணிடமும் மட்டும் தயவுசெய்து கத்தாதீர்கள். அன்று வேலைக்கு வந்த சிலரில் அவர்களும் உண்டு.