பிரான்சா, ஜெர்மனியா? பாண்டி, கடலூர்ப் பிள்ளைகளுக்கான கணக்கு

கனடாவையும் லண்டனையும் முதலிலேயே ஓரங்கட்டி விடுகிறேன். கனடா 2024-லிருந்து மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. பிரிட்டனில் முதுகலை முடித்தவர்களுக்கு வேலை தேடக் கிடைக்கும் இரண்டு வருடம், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்றரை வருடம்தான். இரண்டு நாட்டிலும் கட்டணம் கழுத்தை நெரிக்கும். பி.இ. முடித்துவிட்டு, இருக்கிற ஒரே வீட்டை விற்காமல் மேல்படிப்புக்குப் போய் அங்கேயே வேலையும் பார்க்க வேண்டும் என்றால், பேச்சு கடைசியில் ஜெர்மனி, பிரான்ஸ் இரண்டில்தான் வந்து நிற்கிறது.

"ஜெர்மனியில படிப்பு இலவசம்" என்று மஞ்சக்குப்பத்திலிருந்து மிஷன் வீதி வரை எல்லா ஏஜென்ட்டும் சொல்வார். பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இறுதியிலிருந்து வாங்குகிறது. தவிர, விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கில் (blocked account, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ போட்டாக வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம். அது செலவல்ல, உங்கள் பணம்தான்; அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். ஆனாலும் ஒரே நேரத்தில் புரட்ட வேண்டுமே! அரசு வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். கடன் வாங்கிக் கணக்கில் காட்டி, விசா வந்ததும் எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் வித்தை இங்கே செல்லாது.

பிரான்ஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு 2025-26 கட்டணம் 3,941 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் இதைத் தள்ளுபடி செய்து, பிரெஞ்சு மாணவர் கட்டும் சில நூறு யூரோவை மட்டும் வாங்கிக்கொள்கின்றன. எது தள்ளுபடி தருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஏஜென்ட் தேட மாட்டார். அவருக்குக் கமிஷன் வருவது தனியார் வணிகப் பள்ளிகளிலிருந்துதான். கையிருப்பாகக் காட்ட வேண்டியது மாதம் 615 யூரோ என்ற கணக்கு. ஆக, புறப்படும் நாளில் கையைக் கடிப்பது ஜெர்மனிதான்.

பணத்தை விடப் பெரிய விஷயம் மொழி. ஆங்கிலவழிப் படிப்பு இரண்டு நாட்டிலும் இருக்கிறது. அது உள்ளே போக வழி. அங்கேயே இருக்க வழியல்ல. பெர்லின் ஐ.டி. கம்பெனி ஆங்கிலத்தில் சமாளிக்க விடும். சிறு ஊரிலிருக்கும் இயந்திரத் தொழிற்சாலையில் ஃபோர்மேனிடம் ஜெர்மனில்தான் பேசியாக வேண்டும். இந்த இடத்தில் பாண்டிக்கு ஒரு அனுகூலம் உண்டு. பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இங்கே 1889-லிருந்து இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கலாம். ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே நிறுவனம் இருப்பதோ சென்னையில். ஆனால் பள்ளிப் பிரெஞ்சை நம்பாதீர்கள். "ழ சுய்ய், து ஏ, இல் ஏ" என்று வாய்ப்பாடு போல ஒப்பித்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர் வழி கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பார். வேலைக்கான நேர்காணலில் உட்கார பி2 நிலையாவது (தடுமாறாமல் உரையாடும் அளவு) வேண்டும்.

தங்குவதற்கான விதிகளில் ஜெர்மனி தெளிவு. பட்டம் வாங்கியதும் 18 மாதம் வேலை தேடலாம். படிப்புக்கேற்ற வேலையில் இரண்டு வருடம் ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டி, பி1 (பி2-வுக்கு ஒரு படி கீழே) ஜெர்மனும் இருந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். பிரான்சில் முதுகலைக்குப் பின் ஒரு வருடம். இந்தியர்களுக்கு ஒருமுறை நீட்டிப்பும் உண்டு. ஆனால் குடியுரிமையில் பிரான்ஸ் முந்துகிறது: அங்கே இரண்டு வருட உயர்கல்வியை வெற்றிகரமாக முடித்தவர்களுக்கு, ஐந்து வருடக் காத்திருப்பு இரண்டாகக் குறையும். 2026-லிருந்து அதற்கும் பி2 பிரெஞ்சு கேட்கிறார்கள். ஜெர்மனி மூன்று வருடக் குறுக்குவழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டது, இனி ஐந்துதான்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்த கடலூர்ப் பையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனி என்பேன். அரியர் நிறைய இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அங்கே மதிப்பெண்ணை அவர்கள் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அதோடு, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம், 18,000 ரூபாய். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். விமானப் பொறியியல், கணிதம் என்று போகிறவர், பிரெஞ்சில் கூச்சமில்லாமல் வாய் திறப்பவர் பிரான்சுக்கே போகலாம். அங்கே துலூஸ் நகரம், விமானம் செய்யும் ஏர்பஸ்ஸின் ஊர்.

1962-ல் பாண்டி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் ஜெர்மனிக்கு விசா வேண்டாம், முடக்கக் கணக்கு வேண்டாம், பாடன்-வூர்ட்டம்பர்க்கின் 1,500 யூரோகூட வேண்டாம். அவர்களில் பலர் பாரிஸ் புறநகரில் இருக்கும் சித்தப்பா வீட்டைத் தாண்டி யோசிப்பதே இல்லை.