கொள்ளுத்தாத்தாவ தேடிப் போன ஆர்கைவ்ஸ்: 5க்கு 3.5

பேர் போடல, பெங்களூர்ல ஒரு பழைய லைப்ரரியோட ஆர்கைவ்ஸ் ரூம்னு வச்சுக்கோங்க. நமக்கு பூர்வீகம் பாளையங்கோட்டை பக்கம், தாத்தாவோட அப்பா சி.எம்.எஸ்ல (சர்ச் மிஷனரி சொசைட்டி, இங்கிலாந்து மிஷன்) உபதேசியாரா, அதாவது கிராமத்து சபைல பாடம் சொல்லிக் குடுக்கறவரா இருந்தாருன்னு வீட்ல பேச்சு, அவர் பேரு எங்கயாச்சும் இருக்கான்னு பாக்கத்தான் ரெண்டு சனிக்கிழமை லீவ காலி பண்ணேன்.

சி.எம்.எஸ் ரெக்கார்டோட ஒரிஜினல் எல்லாம் இங்க கிடையாது, அது இங்கிலாந்துல பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில இருக்கு. இங்க மைக்ரோஃபிலிம்தான், பக்கத்தையெல்லாம் சின்னதா படம் புடிச்ச ஃபிலிம் ரீல். அதப் பாக்க குடுத்த மெஷின் இருக்கே, அப்பப்பா. ஃபோகஸ் நிக்கவே நிக்காது, ஒரு கைல திருகிய புடிச்சுக்கிட்டு இன்னொரு கைல நோட்ஸ் எழுதணும், அரை மணிக்கு ஒருக்கா பல்பு சூடாகி ஆஃப் பண்ண சொல்லுவாங்க. முதல் நாள் மூணு மணி நேரத்துல எனக்கு கிடைச்சது கழுத்து வலி மட்டும்தான்.

தப்பு என்னோடதும் உண்டு. நேரா சி.எம்.எஸ் கமிட்டி மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்பு) போய் உக்காந்துட்டேன். அதுல லண்டன்ல உக்காந்திருந்தவங்க யாரை அனுப்பலாம், எவ்ளோ பணம் குடுக்கலாம்னு முடிவு பண்ணதுதான் பக்கம் பக்கமா இருக்கு, நம்ம ஊர் உபதேசியார் பேரு வர்றது அபூர்வம். 1835ல ரேனியஸ் ஐயரை (திருநெல்வேலி பக்கம் இருந்த ஜெர்மன் மிஷனரி, அப்போ பாதிரியாரத்தான் ஐயர்னு சொல்லுவாங்க) வேலைய விட்டு எடுத்தாங்களே, அந்த மாதிரி பெரிய சண்டைன்னா கமிட்டில பேசுவாங்க, கிராமத்து சபைல பாடம் சொல்லிக் குடுத்தவரை யாரு பேசப் போறா.

ஆர்கைவ்ஸ்ல வேலை பாக்குற அம்மாதான் காப்பாத்துனாங்க. அவங்க பேசறது கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) தமிழ். “என்ன தம்பி, தாத்தாவ தேடியா? ஊரு பேரு, அங்க இருந்த ஐயர் பேரு, எந்த வருஷம், இது மூணும் இல்லாம வராதீங்க”ன்னு சொல்லிட்டு ப்ரீசி புக் ரீலை எடுத்து குடுத்தாங்க. 1880ல இருந்து மிஷனரிங்க அனுப்புன லெட்டருக்கெல்லாம் நம்பர் போட்டு, சுருக்கம் அச்சடிச்சு கமிட்டிக்கு வச்சிருக்காங்க, அதான் ப்ரீசி. அச்சுங்கறதால கண்ணுக்கு சுகம், லெட்டர் நம்பர் கைல இருந்தா முழு லெட்டரையும் தேடிப் புடிக்கலாம். அதுக்கு முன்னாடி உள்ளது மிஷன் புக், வந்த லெட்டரை கையால காப்பி எடுத்து பைண்ட் பண்ணது, அந்த கையெழுத்துக்கு பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேணும், என்கிட்ட ரெண்டும் இல்ல.

பேரு கிடைச்சுதான்னா, இல்ல. ஆனா எங்க ஊர் பேரு ஒரு வரில வந்துச்சு, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் கன்னாபின்னான்னு. வாய்விட்டு படிச்சப்பதான் நம்ம ஊருன்னே தெரிஞ்சுச்சு, பக்கத்து சீட்ல இருந்த பிஎச்டி பையன் திரும்பி பாத்தான்.

மத்த விஷயம்: மொபைல்ல ஃபோட்டோ எடுக்க விடமாட்டாங்க, பிரிண்ட் வேணும்னா எழுதிக் குடுத்து அடுத்த வாரம் வரணும். பேனா கூடாது, பென்சில் கொண்டு போங்க. ஏசி ஜாஸ்தி. வெளிய தர்ஷினில (நின்னுக்கிட்டே சாப்பிடுற சின்ன ஹோட்டல்) காபி சூப்பர்.

மெஷினுக்காக ஒண்ணரை ஸ்டார் கட் பண்ணிட்டேன், அந்த அம்மாவுக்கு மட்டும்னா அஞ்சும் குடுப்பேன். அடுத்த வாரத்துக்கு 1881 ரீலுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன், அத்தைகிட்ட அப்போ இருந்த ஐயர் பேரை கேட்டு வாட்ஸ்அப் போட்டிருக்கேன், இன்னும் ப்ளூ டிக் வரல.