பழைய ஸ்விஃப்ட்: பெட்ரோலா, டீசலா?

2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் கார்கள் இரண்டு விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 65,000 கி.மீ. ஓடிய பெட்ரோல். மற்றது 1,40,000 ஓடிய டீசல். மீட்டரைப் பார்த்ததும் கை பெட்ரோல் சாவிக்குத்தான் போகும். என் ஓட்டும் பெட்ரோலுக்கே, ஆனால் மீட்டரைப் பார்த்து அல்ல.

அந்த 65,000 எப்படி ஓடியது என்று கேளுங்கள். தினமும் இரண்டு கி.மீ. தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த வண்டி என்றால் இன்ஜின் சரியாகச் சூடாகவே வாய்ப்பில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து, நாளடைவில் கசடாகப் படியும். சென்னை - திருச்சி போய்வந்த டீசலோ காலையில் ஒரு முறை ஸ்டார்ட் ஆகி, முந்நூறு சொச்சம் கி.மீ. ஒரே சூட்டில் ஓடியிருக்கும். உள்ளே தேய்மானம் இதில் குறைவாக இருந்தால் ஆச்சரியமில்லை. மீட்டரைக் குறைத்து வைக்கும் கைவேலை வேறு இருக்கிறது. அதனால் வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் பதிவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டீசலில் இருப்பது 1248 சிசி ஃபியட் மல்டிஜெட், 75 குதிரைத்திறன். மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் பயன்படுத்தியதால் 'தேசிய இன்ஜின்' என்றே செல்லப்பெயர். 2020-இல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி இதைக் கைவிட்டது. இருந்தாலும் ஊரெல்லாம் இதைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகள் உண்டு. பிளாக், பிஸ்டன் எல்லாம் கெட்டி. செலவு வைப்பவை சுற்றி இருப்பவைதான்: டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது), இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சுவது), இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது), கிளட்ச். ஆயில் மாற்றத் தவறிய வண்டிகளில் டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) தளரும். அந்தச் சத்தம் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகக் கேட்கும். அதனால் ஓனருக்கு முதல் நாளே போன் செய்து, நீங்கள் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் சில நொடி கடகடவென்றால் விலையை இறக்குங்கள், நிற்காமல் அடித்தால் கிளம்பிவிடுங்கள்.

பெட்ரோலில் இருப்பது 1197 சிசி கே-சீரிஸ். டர்போ கிடையாது, பழுதாகக்கூடிய உறுப்புகளும் குறைவு. இதிலும் டைமிங் செயின்தான், பெல்ட் அல்ல. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி), கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), புகை மூன்றையும் பார்த்தால் போதும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை. ஆயில் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் படிவு இருந்தால் பயப்படாமல் கூலண்டையும் பாருங்கள். குறுகிய ஓட்டத்தின் ஈரமாகவும் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போனதாகவும் இருக்கலாம்.

டீசலுக்கு இன்னொரு கோணம்: டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு வந்த தடையால், அங்கே பதிவான வண்டிகள் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வேறு மாநிலங்களுக்கு வந்திருக்கின்றன. விலை மலிவாகத் தெரியும். நம்மூர் சாலைவரியையும் மறுபதிவுச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

மாதம் 1,500 கி.மீ.க்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் சர்வீஸ் பதிவு உள்ள டீசலை எடுக்கலாம். மற்றவர்கள் பெட்ரோலையே எடுங்கள். ஒரு டர்போ போனால், டீசலில் மிச்சம் பிடித்த எரிபொருள் காசு அந்த ஒரே பில்லில் கரைந்துவிடும்.