கருவை பிறீஸ் பண்ணி வைக்கிறாக்கள் கவனம், லாப் தாள் இல்லாமல் வருசக் காசு கட்டாதேங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து பிள்ளைக்காக, முட்டையை வெளிய எடுத்து லாப்பில கருவாக்கி வைக்கிற வைத்தியத்துக்குக் கொழும்புக்கு ஓடித் திரியிற கனபேர் இருக்கிறியள், உங்களுக்காகத்தான் இதை எழுதுறன். நாங்கள் வைத்தியம் செய்த இடத்தின்ர பேர் போடேல்ல, முறைப்பாடு குடுத்திருக்கிறம், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

எனக்கு முட்டை எடுக்கப் போட்ட ஊசிக்கு சூலகம் வீங்கி வயிறெல்லாம் நீர் கட்டிப்போச்சு, அதால உடன கருவைக் கர்ப்பப்பையில வைக்கேலாது, அஞ்சு கருவையும் பிறீஸ் பண்ணிப்போட்டு உடம்பு தேறினாப் பிறகு வைப்பம் எண்டவை. அது சரியான வைத்தியம்தான், அதில குறை சொல்லேல்ல. மைனஸ் 196 பாகையில திரவ நைதரசனுக்குள்ள கிடந்தா வருசக்கணக்கிலயும் கெடாது, 1984லயே அவுஸ்திரேலியாவில அப்பிடி வைச்ச கருவில பிள்ளை பிறந்திட்டுது. பிழை கணக்கில.

முதல்தரம் ரெண்டு வைச்சவை, நிக்கேல்ல. மிச்சம் மூண்டு பத்திரமாக் கிடக்கு கவலைப்படாதேங்கோ எண்டு கவுண்டர் மிஸ் சொன்னவ. அதை வைச்சிருக்க வருசத்துக்கு 45,000. காலபோக நெல்லு வித்த கையோட கொண்டுபோய்க் கட்டுறது, ஒருக்கா நெல்லு விலை விழுந்து இவர் நாம்பன் மாட்டை வித்துக் கட்டினவர். ரசீதில ‘எம்பிரியோ ஸ்டோரேஜ்’ எண்டு மட்டும்தான் இருக்கும், எத்தினை எண்டு ஒரு சொல்லும் இராது.

இந்தமுறை வைப்பம் எண்டு போய், கர்ப்பப்பை தடிக்கிற குளிசையும் போட்டு ஸ்கானும் எடுத்து நாளும் குறிச்சாப் பிறகு சொல்லுகினம், உங்கட கரு ஒண்டும் இங்க இல்லையே எண்டு. இவர் லாப் தாளைக் காட்டுங்கோ எண்டு அரக்காமல் நிண்டதில ஒரு தாள் வந்தது. ஸ்ட்ரோ எண்டுறது கருவைப் போட்டு பிறீஸ் பண்ணுற மெல்லிய குழாய், ஒரு ஸ்ட்ரோவில மூண்டு, மற்றதில ரெண்டு. முதல்தரம் வைச்ச அண்டைக்கே ரெண்டு ஸ்ட்ரோவையும் உருக்கியிருக்கினம், மூண்டு தப்பேல்ல, தப்பின ரெண்டைத்தான் எனக்கு வைச்சிருக்கினம். உருக்கேக்க சிலது தப்பாமல் போறது எந்த லாப்பிலயும் நடக்கும், அண்டைக்கே சொல்லியிருந்தா அழுதுபோட்டு வீட்ட வந்திருப்பம். இல்லாத கருவுக்கு வாடகை வாங்கிறதுக்கு என்ன பேர்? கேட்டா கொம்பியூட்டர் தானாப் பில் போடுதாம். காசு திருப்பித் தரேலாதாம், அடுத்தமுறை முழுசாச் செய்தா டிஸ்கவுண்டாம்!

போறாக்கள் பிறீஸ் பண்ணின உடன தாள் கேளுங்கோ, எத்தினை கரு, மூண்டு நாள் வளர்ந்த கருவோ அஞ்சு நாள் வளர்ந்த கருவோ, தரம் என்ன, ஒரு ஸ்ட்ரோவுக்குள்ள எத்தினை எண்டெல்லாம் இருக்கோணும். ஏலுமெண்டா ஒரு ஸ்ட்ரோவுக்கு ஒண்டு எண்டு பிறீஸ் பண்ணச் சொல்லுங்கோ, சேர்த்து வைச்சா ஒண்டு தேவையெண்டாலும் அந்த ஸ்ட்ரோவில இருக்கிற எல்லாத்தையும் உருக்கத்தான் வேணும். உருக்கின அண்டைக்கும் எத்தினை தப்பினது எண்டு எழுத்தில வாங்குங்கோ. வருசக் காசு கட்டேக்க ரசீதில எண்ணிக்கையை எழுதுவியுங்கோ, மாட்டினமெண்டா அங்கயே நிண்டு கேளுங்கோ. எங்களுக்குத் தந்த ஒப்பம் வைக்கிற போமில தமிழே இல்ல, வாசிக்கத் தெரிஞ்ச ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

எங்கட தாளின்ர படம் வேணுமெண்டா கேளுங்கோ, பேரை மறைச்சு அனுப்புறன், என்ன மாதிரித் தாள் கேக்கோணும் எண்டு விளங்கும்.