பட்டாம்பூச்சியைப் படம் பிடிப்பதா, நடந்து எண்ணுவதா?

பெங்களூரு வில்சன் கார்டனில் இருக்கும் என் சித்தப்பா தினமும் லால்பாக் பூங்காவில் நடப்பவர். "பட்டாம்பூச்சி ஆராய்ச்சிக்கு உதவற மாதிரி நான் ஏதாவது செய்யலாமாப்பா?" என்று கேட்டார். இரண்டு வழிகள் சொன்னேன்.

ஒன்று, போனில் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றுவது. 2008இல் தொடங்கிய இணையதளம் அது. பெயர் தெரியாவிட்டாலும் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். எந்த இனம் எங்கே பரவியிருக்கிறது என்று அறிய இது அருமையான வழி.

இன்னொன்று, 1976 முதல் பிரிட்டனில் நடக்கும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு முறை. வாரம் ஒருமுறை, அதே பாதை, அதே நிதான நடை. இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அதற்குள் தென்படுவதை மட்டும் எண்ண வேண்டும். வெயில், காற்று, வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். ஒன்றுமே தென்படாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அந்தப் பூஜ்யம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. படம் வரவில்லை என்றால் பூச்சி இல்லையா, ஆள் போகவில்லையா என்று எப்படிச் சொல்வது? அழகான பெரிய இறக்கைகளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறோம். புல்லோரத்துச் சாம்பல் நிறப் பொடிசுகள் விட்டுப்போகின்றன.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ப்ளூ டைகர் என்ற பட்டாம்பூச்சியின் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே, பெங்களூரு வழியாகவும் பறக்கும். மழை தள்ளிப்போனால் அவையும் தள்ளிப்போகுமா? அதற்கு வாராவாரம் எண்ணிய கணக்கு வேண்டும்.

சித்தப்பாவை எண்ணத்தான் சொன்னேன். பெயர்கள் பழகும்வரை முதல் ஆறு மாதம் படமெடுக்கட்டும்.